சொல்லத் தயங்கும் நோய்

நோய்களில் சில ஊருக்குத் தெரிந்தவை. சில வீட்டுக்குத் தெரிந்தவை. இன்னும் சில, உடையவரைத் தவிர வேறொருவருக்கும் தெரியாதவை. மூட்டுவலியைப் பற்றி அண்டை வீட்டாரிடம் தாராளமாகப் பேசுகிறோம். இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேருந்தில் உடன் வருபவரிடமும் சொல்லுகிறோம். சர்க்கரை நோயைப் பற்றிப் பேச்சு எழாத கலியாணப் பந்தியே இன்று இல்லை. ஆனால், இருமும்போதும் தும்மும்போதும் தம்மையறியாமல் சிறுநீர் கசிந்துவிடுகிறது என்பதை ஒரு பெண்மணி தம் கணவரிடங்கூடச் சொல்லுவதில்லை. பெற்ற மகளிடம் சொல்லுவதில்லை. ஆண்டுகள் பல கழிந்தும் மருத்துவரிடம் சொல்லுவதில்லை. இத்துன்பத்தைப் பற்றியும், அறுவைச் சிகிச்சை இல்லாமலே இதற்குச் செய்யக்கூடியவற்றைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

நாம் மருத்துவர் அல்லோம். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பே நம் தொழில். ஆகையால், மருந்தைப் பற்றிச் சொல்லுவதற்குமுன் சொல்லைப் பற்றிச் சொல்லுவது நமக்கு இயல்பு. ஆங்கில மருத்துவ நூல்களில் இந்நோய்க்கு உள்ள பெயரைத் தமிழில் பெயர்த்தவர்கள் ‘சிறுநீர் அடங்காமை’ என்றார்கள். பொருளைப் பார்த்தால் பிழையில்லாத பெயர்தான். ஆயினும், தமிழில் அடங்காமை என்பது உடலின் குறையைச் சொல்லும் சொல்லன்று. குணத்தின் குறையைச் சொல்லும் சொல். அறநூல்கள் அதைக் குற்றங்களின் வரிசையில் வைத்தன. அடங்காதவள் என்று ஒரு பெண்ணைச் சொன்னால் அவள் குடும்பமே தலைகுனியும். ஏற்கெனவே நாணத்தால் ஒடுங்கியிருக்கும் பெண்மணிக்கு அவருடைய நோயின் பெயரே பழிச்சொல்லாக வாய்ப்பது முறையன்று. ஆகையால், இப்பேச்சில் இதனை ‘நீர்க்கசிவு’ என்றே குறிப்பிடுவோம். கூரை கசிந்தால் ஓட்டை மாற்றுகிறோம். வீட்டுக்காரரின் ஒழுக்கத்தை யாரும் ஐயுறுவதில்லை. இதுவும் அத்தகையதே.

இந்நோய் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுவது நல்லது. சிறுநீர்ப்பை தசையாலான ஒரு பை. வளர்ந்தவர்களுக்கு அது ஏறத்தாழ 400 முதல் 600 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதன் வாயிலை இறுக்கி மூடுவதற்குச் சுருக்குத் தசைகள் உண்டு. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்குவதற்கு, முன்புறத்து இடுப்பெலும்பிலிருந்து பின்புறத்து வாலெலும்பு வரை ஒரு தூளியைப்போலத் தசைகள் கட்டப்பட்டிருக்கின்றன. இவற்றை இடுப்புத்தளத் தசைகள் என்பர். தூளித் துணி உறுதியாக இருக்கும்வரை குழந்தை உரிய உயரத்தில் உறங்கும். துணி தளர்ந்தால் தாழ்ந்துவிடும். கருவுற்ற காலத்துப் பாரம், பிரசவத்தின்போது ஏற்படும் இழுப்பு, மாதவிடாய் நின்றபின் உடலில் உண்டாகும் மாறுதல், உடற்பருமன், ஓயாத இருமல், மலச்சிக்கலால் நாள்தோறும் முக்குதல், பெருஞ்சுமை தூக்குதல் ஆகியவை இந்தத் தூளியைத் தளரச் செய்கின்றன.

கசிவிலும் வகைகள் உண்டு. இருமினாலோ தும்மினாலோ, குடத்தைத் தூக்கினாலோ, மாடிப்படி இறங்கினாலோ சிறிதளவு நீர் வெளிப்படுவது ஒரு வகை. வயிற்றினுள் எழும் அழுத்தத்தைத் தளர்ந்த வாயில் தாங்க மாட்டாமையால் வருவது இது. இதனை அழுத்தக் கசிவு எனலாம். திடீரென்று அடக்க முடியாத உந்துதல் எழுந்து, கழிவறையை அடைவதற்குள் நீர் வெளிப்பட்டுவிடுவது மற்றொரு வகை. பை நிறையுமுன்னரே அதன் தசை தானாகச் சுருங்குவதால் வருவது இது. இதனை அவசரக் கசிவு எனலாம். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. பை முழுவதும் காலியாகாமல் நிரம்பி வழிவது இன்னொரு வகை; அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். எந்த வகை என்று அறியாமல் சிகிச்சை செய்வது பயன் தராது. ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றொன்றுக்கு உதவுவதில்லை.

“வயதானால் இப்படித்தான், பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் உண்டு” என்று நம் பாட்டிமார் ஆறுதல் சொல்லிக்கொண்டனர். வயதும் பிரசவமும் இந்நோய்க்குக் காரணமாகலாம் என்பது உண்மையே. ஆனால், காரணம் இயல்பானது என்பதால் நோயும் பொறுத்துக்கொள்ள வேண்டியதாகிவிடாது. கண்ணில் திரை விழுவதும் வயதினால்தான். அதற்காக யாரும் குருடாயிருக்கச் சம்மதிப்பதில்லை.

தாயகத்தைவிட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம் பெண்களுக்கு இத்துன்பம் இன்னும் சற்றுக் கூடுதலாகவே வாய்க்கிறது. டெல்லியின் குளிர்காலத்தை எடுத்துக்கொள்ளுவோம். குளிரில் வியர்வை இல்லை, சிறுநீர் மிகுதி. குளிரைத் தாங்கத் தேநீரும் காப்பியும் இரண்டு மடங்காகின்றன. புகைமூட்டத்தால் இருமலும் சேர்ந்துகொள்ளுகிறது. அரசுக் குடியிருப்பின் மாடிப்படிகளில் காய்கறிப் பையைச் சுமந்து ஏறவேண்டியிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை ஊர் போக நேர்ந்தாலோ, ஒன்றரை நாள் ரயில் பயணம். அந்தப் பயணத்துக்கு அஞ்சி முதல்நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் மாதரை நாம் அறிவோம். ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரின் படிகளில் ஏறும்போது நனைந்துவிட்டால் சந்நிதியில் எப்படி நிற்பது என்று கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டவர்களையும் அறிவோம். மும்பையில் ஷண்முகானந்தா அரங்கில் கச்சேரி என்றால் முதல் ஆளாகப் போய் அமர்ந்தவர், இப்போது வாசற்கதவுக்கு அருகே இடம் கிடைத்தால்தான் வருவேன் என்கிறார். அதற்கான காரணத்தை மட்டும் அவர் சொல்லுவதில்லை. இவ்வாறு ஒரு பெண்ணின் உலகம் கொஞ்சங் கொஞ்சமாகக் குறுகி, கடைசியில் குளியலறைக்கு அருகிலுள்ள ஓர் அறையளவில் வந்து நின்றுவிடுகிறது.

இவையெல்லாவற்றிலும் பெரிய தடை மொழி. சில ஆண்டுகளுக்குமுன் தலைநகரில் ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பகுதியில் நாம் காத்திருந்தோம். தஞ்சை மாவட்டத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர், தமிழ்க் குரல் கேட்டு நம் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவருக்கு இந்தி தெரியாது. மொழிபெயர்ப்பதற்காக 12 வயதுப் பேரனை மகன் துணைக்கு அனுப்பியிருந்தார். மருத்துவர் என்ன தொந்தரவு என்று கேட்டிருக்கிறார். பேரன் பாட்டியின் முகத்தைப் பார்த்திருக்கிறான். “குழந்தையிடம் அதை எப்படியம்மா சொல்லுவேன்? கால்வலி என்று சொல்லடா என்றேன்” என்றார் அவர். கால்வலிக்கு எழுதிய மாத்திரைச் சீட்டு அவர் கையில் இருந்தது. பெண்ணுக்குப் பெண் என்ற உரிமையில் நம்மிடம் உண்மையைச் சொன்னார். அந்தத் துன்பம் அவருக்குத் தொடங்கி 9 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை மீண்டும் உள்ளே அழைத்துச்சென்று மருத்துவரிடம் இரண்டு வாக்கியங்கள் சொன்னோம். நம் தொழிலில் எத்தனையோ பக்கங்களை மொழிபெயர்த்திருக்கிறோம். அந்த இரண்டு வாக்கியங்களைப்போல் உடனே பயன்பட்டவை அவற்றில் மிகச் சிலவே.

இனி, சிகிச்சைக்கு வருவோம். முதற்படி, குறிப்பு எழுதுதல். மூன்று நாட்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில், எப்போது என்ன குடித்தோம், எப்போது சிறுநீர் கழித்தோம், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். மளிகைக் கணக்கு எழுதும் கைக்கு இது கடினமன்று. இக்குறிப்பைப் பார்த்தாலே, எந்த வகைக் கசிவு என்பது மருத்துவருக்குப் பெரும்பாலும் புலப்பட்டுவிடும். சிறுநீரில் கிருமித் தொற்றும் சர்க்கரையும் உண்டா என்று சோதிப்பதும் தொடக்கத்திலேயே நடைபெறும். தொற்றுதான் காரணமென்றால் அதைக் குணப்படுத்தினாலே கசிவு நின்றுவிடலாம். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை உண்பவர்கள் அதனையும் சொல்ல வேண்டும். தாமாக அதை நிறுத்திவிடுதல் கூடாது.

இரண்டாவது, பழக்கங்களைத் திருத்துதல். காப்பியையும் தேநீரையும் குறைத்தால் அவசரக் கசிவு பலருக்குத் தணிகிறது. படுக்கைக்குச் செல்லுமுன் இரண்டு மூன்று மணி நேரம் பானங்களைத் தவிர்ப்பது இரவுத் தொல்லையைக் குறைக்கும். ஆனால், கசிவுக்கு அஞ்சிப் பகலெல்லாம் தண்ணீர் குடியாதிருப்பது பெரும்பிழை. செறிந்த சிறுநீர் பையை மேலும் உறுத்தும், மலச்சிக்கலும் கூடும். கீரையும் காயும் பழமும் உண்டு மலச்சிக்கலை நீக்குவதும், நாட்பட்ட இருமலுக்கு மருத்துவம் செய்துகொள்ளுவதும் இச்சிகிச்சையின் பகுதிகளே.

உடல் எடையைக் குறைப்பதன் பயன் ஐயமறத் தெளிவாகியுள்ளது. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பருமனான உடலும் நீர்க்கசிவும் உடைய 338 பெண்கள் பங்குகொண்டனர். ஒரு பிரிவினர் உணவிலும் நடையிலும் தீவிரப் பயிற்சி பெற்று, ஆறு மாதங்களில் சராசரியாகத் தம் எடையில் நூற்றுக்கு 8 பங்கு குறைந்தனர். அவர்களுக்கு வாரந்தோறும் ஏற்பட்ட கசிவுகள் நூற்றுக்கு 47 பங்கு குறைந்தன. வெறும் அறிவுரை மட்டும் பெற்ற பிரிவினருக்கோ 28 பங்கே குறைந்தன. எழுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு கிலோ குறைந்தால் போதும் என்பது இதன் பொருள். அது ஆகாத காரியமன்று.

மூன்றாவதும் முதன்மையானதும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் என்பவர் 1948-ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதி வெளியிட்டார். அவர் பெயராலேயே இது கெகல் பயிற்சி என்று வழங்குகிறது. யோகம் பயின்றவர்கள் மூலபந்தம் என்று அறிந்திருப்பது இதனோடு நெருங்கிய இயக்கமே. செய்யும் முறையைக் கூறுவோம். வாயு வெளியேறாமலும் சிறுநீர் வெளியேறாமலும் ஒரே நேரத்தில் அடக்குவதாகக் கருதிக்கொண்டு, அவ்விடத்துத் தசைகளை உள்ளும் மேலுமாக இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் ஆகியவற்றை இறுக்கலாகாது. மூச்சை அடக்கலாகாது. இழுத்த நிலையில் முதலில் இரண்டு மூன்று வினாடிகள் நிறுத்தினால் போதும். வாரங்கள் செல்லச்செல்ல 10 வினாடி வரை உயர்த்தலாம். நிறுத்திய அளவுக்கு ஓய்வும் கொடுக்க வேண்டும். இவ்வாறு ஒருவேளைக்கு 8 முறை, நாளொன்றுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதங்கள் செய்ய வேண்டும்.

இப்பயிற்சிக்குத் தனியிடம் வேண்டா, தனியுடையும் வேண்டா. அடுப்பில் குக்கர் விசில் அடிக்கக் காத்திருக்கும்போது செய்யலாம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதும் செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால், சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பயிலுவது தவறு. அதனால் பை முழுவதும் காலியாகாமல் போகக்கூடும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மேலே இழுப்பதாக எண்ணிக்கொண்டு கீழே முக்குகிறவர்கள் பலர். இது நன்மைக்கு மாறாகத் தீமையே செய்யும். ஆதலால், ஒரு முறையாவது பெண் மருத்துவரிடமோ இயன்முறைச் சிகிச்சையாளரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுவது இன்றியமையாதது.

இதன் பலனைப் பற்றி ஐயம் கொள்வோருக்கு ஒரு கணக்குச் சொல்லுவோம். 14 நாடுகளில் 1,817 பெண்களிடம் நடைபெற்ற 31 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. அழுத்தக் கசிவு உடையவர்களில், பயிற்சி செய்தவர்களுள் நூற்றுக்கு 56 பேர் குணமடைந்ததாகக் கூறினர். செய்யாதவர்களுள் நூற்றுக்கு 6 பேரே அவ்வாறு கூறினர். செலவில்லாத ஒரு சிகிச்சைக்கு இது சிறிய பலனன்று. முதல் மூன்று வாரங்களில் மாறுதல் ஒன்றும் தெரியாது. பலர் அங்கேதான் விட்டுவிடுகின்றனர். பாலைப் பிரைக்குற்றிய உடனே தயிரைத் தேடுவது போன்ற அவசரம் இது.

தசை தேறியபின் ஓர் உபாயமும் கைகூடும். தும்மல் வருவதை உணர்ந்தவுடன், தும்முவதற்கு முன்பே தசையை இழுத்துப் பிடித்துக்கொள்ளுவது; பாத்திரத்தைத் தூக்குமுன்னும் அவ்வாறே செய்வது. நாளடைவில் இது எண்ணாமலே நிகழும் வழக்கமாகிவிடும்.

நான்காவது, சிறுநீர்ப்பைக்குப் பயிற்சி. இது அவசரக் கசிவு உடையவர்களுக்கு உரியது. வெளியே புறப்படும்போதெல்லாம் “எதற்கும் ஒரு முறை போய்விட்டு வருவோம்” என்று பழகியவர்களின் பை, சிறிது நிறைந்தவுடனே கூப்பிடக் கற்றுக்கொள்ளுகிறது. பகலில் ஏழு எட்டு முறை செல்வது இயல்பே. அதற்கு மேற்பட்டுச் செல்பவர்கள், முதலில் தம்மால் எளிதாகப் பொறுக்கக்கூடிய இடைவெளியைக் கண்டுகொள்ள வேண்டும். ஒரு மணி நேரமானால், கடிகாரத்தைப் பார்த்து மணிக்கொரு முறை செல்ல வேண்டும். அடுத்த வாரம் கால்மணி நேரம் கூட்டலாம்; அதற்கடுத்த வாரம் மேலும் கால்மணி. இடையில் உந்துதல் எழுந்தால் ஓடலாகாது. உட்கார்ந்து, தசையை இழுத்துப் பிடித்து, மனத்தை வேறொன்றில் செலுத்தினால் அது அலைபோல் எழுந்து அலைபோல் அடங்கும். அடங்கியபின் நிதானமாக நடந்து செல்லலாம். மூன்று அல்லது நான்கு மணி இடைவெளி குறிக்கோள். குறைந்தது ஆறு வாரம் பொறுமை வேண்டும்.

இவற்றால் போதிய பயன் கிட்டாதபோது, மருத்துவர் கையில் வேறு வழிகளும் உண்டு. அழுத்தக் கசிவுக்கும், கருப்பை இறங்கியிருப்பதற்கும், பெசரி என்னும் மென்மையான சிலிக்கோன் வளையத்தை யோனியினுள் பொருத்துவார்கள். அது சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தாங்கி நிற்கும். அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். சுத்தம் செய்ய வேண்டும். குறித்த காலத்தில் சென்று காட்ட வேண்டும். அவசரக் கசிவுக்கு, பையின் தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் உள்ளன. டோல்டெரோடின், சோலிஃபெனாசின் போன்றவை வாயை உலர்த்தும், மலச்சிக்கல் உண்டாக்கும். இவ்வகை மருந்துகளுள் சில, முதியவர்களுக்கு மனத்தெளிவைக் குறைக்கக்கூடும். மிராபெக்ரான் என்பது வேறு வகை. அதை உண்பவர்கள் இரத்த அழுத்தத்தைக் கவனித்துவர வேண்டும். ஆகையால், அண்டை வீட்டுக்காரி உண்ணும் மாத்திரையைக் கேட்டு வாங்கி உண்பது தகாது. மாதவிடாய் நின்றபின் உலர்ச்சியும் அவசரமும் சேர்ந்திருந்தால், அவ்விடத்தில் மட்டும் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு சிலருக்கு உதவும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் அதனை மருத்துவரிடம் சொல்லிய பின்னரே அக்களிம்பைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். கணுக்காலுக்கு அருகிலுள்ள நரம்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டும் முறையும் உண்டு. வாரத்துக்கு ஒரு முறை, அரைமணி நேரம் வீதம், பெரும்பாலும் 12 வாரங்கள் அது நடைபெறும்.

உறிஞ்சும் அணையாடைகள் கடைகளில் கிடைக்கின்றன. பயணத்துக்கும் விழாக்களுக்கும் அவை பெரிதும் உதவும். அவற்றை அணிவதில் வெட்கமில்லை. ஆனால், கூரை கசியும்போது கீழே வைக்கும் பாத்திரம் போன்றவை அவை. பாத்திரத்தை வைத்துவிட்டுக் கூரையை மறந்துவிடலாகாது.

சில அறிகுறிகள் கண்டால் வீட்டுப் பயிற்சியோடு நில்லாமல் விரைந்து மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறுநீரில் இரத்தம் காணுதல், காய்ச்சலும் எரிச்சலும் உண்டாதல், சிறுநீர் கழிக்க முடியாமற் போதல், கால்கள் மரத்துப்போதலோடு திடீரெனக் கசிவு தொடங்குதல், பிரசவத்துக்குப்பின் இரவும் பகலும் இடைவிடாமல் ஒழுகுதல் ஆகியவை அவை. இவற்றுள் சிலவற்றுக்கு அறுவைச் சிகிச்சையே வழியாகலாம். அறுவைச் சிகிச்சையை நாம் பழிக்கவில்லை. வேண்டியவர்களுக்கு அது வரமே. வேண்டாதவர்கள் அதற்கு அஞ்சி, எளிய வழிகளையும் கேட்டறியாமல் இருந்துவிடுகிறார்களே என்பதுதான் நம் கவலை.

இறுதியாக, மொழிபெயர்ப்புத் தொழிலாளராகிய நாம் தரக்கூடிய ஒரு சிறு உதவி. இந்தி பேசும் மருத்துவரிடம், “காஸ்னே பர் பேஷாப் நிகல் ஜாதா ஹை” என்றால், இருமினால் நீர் வந்துவிடுகிறது என்று பொருள். “பேஷாப் ரோக் நஹீன் பாதீ” என்றால், அடக்க முடியவில்லை என்று பொருள். மராத்தியில் “கோக்தானா லகவி ஹோதே” என்றும், வங்காளியில் “காஷ்லே பேச்சாப் பேரியே ஜாய்” என்றும் இருமல் கசிவைச் சொல்லலாம். உச்சரிப்புச் சற்றுப் பிசகினாலும் கவலையில்லை, மருத்துவர் புரிந்துகொள்ளுவார். வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர்கள் அந்தந்த மொழி தெரிந்த ஒரு தோழியைக்கொண்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி, அதை மருத்துவரிடம் நீட்டினாலும் போதும்.

வீட்டிலுள்ள ஆடவருக்கும் ஒரு வார்த்தை. தாயார் பயணத்துக்கு ஏன் அஞ்சுகிறார், மனைவி கச்சேரியில் ஏன் பாதியில் எழுந்துவிடுகிறார் என்பதை எரிச்சலோடு கேட்காமல் பரிவோடு கேளுங்கள். மருத்துவமனைக்குத் துணையாகச் சிறுவனை அனுப்பாமல், மொழியறிந்த பெண் ஒருவரை அனுப்புங்கள். சகோதரிகளே, மூன்று நாள் குறிப்பை நாளைக் காலையிலேயே எழுதத் தொடங்குங்கள். அது நிறைவதற்குள், பெண் மருத்துவர் எந்தக் கிழமையில் வருகிறார் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.